என்கிற குருவி

பிப்ரவரி 6

வணக்கம்.

குருவி எங்கே போனாள்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன் என்பது உங்களுக்கும் தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். படகு விபத்தில் இறந்தவர்களுக்கான நினைவு மலர். ஆகஸ்டில் நீங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் பக்கம் கட்டி வைத்துவிட்டுப் போன அதே கோப்பு. பக்கத்துக்கு ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு பெட்டி, பெட்டிக்குள் பெயரும் வயதும். மொத்தம் நூற்று அறுபத்திரண்டு பேர். மார்ச் முதல் தேதி முதலாண்டு நினைவுக் கூட்டம். அன்று குடும்பத்துக்கு ஒரு பிரதி கையில் கொடுத்தாக வேண்டும்.

குடும்பங்களின் சங்கத்துக்குத் தலைவர் அந்த மருந்துக்கடைக்காரர்தான், தம்பியைப் பறிகொடுத்தவர். நேற்று அவர் கடைக்கே அச்சுப்படியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாத்திரையை எண்ணுவதுபோல ஒவ்வொரு பெயரையும் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "ஒண்ணு குறையுது மேடம்" என்றார். நான் நம்பவில்லை. அவர் மறுபடி எண்ணினார். பதினேழாம் பக்கம், கீழ்வரிசை, நடுவில். இரட்டைச் சடை போட்ட பெண்ணின் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே வெள்ளை. பெயரும் இல்லை, வயதும் இல்லை.

நான் கொடுத்த மூலப்படியில் பெயர் இருக்கிறது. அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினேன். ஒட்டவில்லை. கணினியை அணைத்துப் போட்டேன். பயனில்லை. தையல்காரம்மாவின் மகள் அவள். இயற்பெயர் நீளமானது, வீட்டில் குருவி. "என்கிற குருவி" என்று சேர்த்துப் போடச் சொல்லி அந்த அம்மாதான் போன மாதம் மாடியேறி வந்து கேட்டுவிட்டுப் போனார். "பள்ளிக்கூட ரிஜிஸ்டர்லதான் மா அந்தப் பேரு. அதைச் சொல்லிக் கூப்பிட்டா அவளே திரும்பிப் பாக்க மாட்டா." சேர்த்தேன். இப்போது அவளே இல்லை.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நாம் எங்கே போய் நிற்போம் என்று இருவருக்கும் தெரியும். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று வக்கீலும் சொன்னார். அவர் சொன்னது வேறு விஷயத்துக்கு.

நான் பிழை திருத்துகிறவள். பக்கம் கட்டுவது உங்கள் வேலை. இத்தனை வருடம் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்து நான் கற்றுக்கொண்டது கோப்பைச் சேமிப்பது எப்படி என்பது மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது. கோப்பு இணைப்பில் இருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாடி அறையிலிருந்து


பிப்ரவரி 10

புலவருக்கு,

ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம் ‘வணக்கம்’ என்று ஆரம்பிக்கிறது. மின்வாரியத்திலிருந்து வந்ததோ என்று பயந்துவிட்டேன். தாமதத்துக்குக் கோபிக்காதே. இந்தப் பத்திரிகையில் விளம்பரப் பக்கம் முழுக்க என் தலையில் விழுந்திருக்கிறது. என்னை ‘மேஸ்திரி’ என்று கூப்பிட இங்கே ஆள் இல்லை. "சார், அந்த லோகோவை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று சொல்ல மட்டும் ஆள் வரிசையில் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பதறாதே, இது எழுத்துரு நோய். அந்தப் பெயரில் ஏதோ ஓர் எழுத்தை அந்த எழுத்துருவுக்குப் பிடிக்கவில்லை. எல்லாப் பெயர்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துருவுக்கு மாற்றி பார். அதற்கும் மசியவில்லை என்றால் பத்தி அமைப்புக்குள் ‘கம்போசர்’ என்று ஒன்று இருக்கும். வரியை எங்கே மடக்குவது என்று முடிவு செய்கிற ஆசாமி அவர்தான். அவரையும் மாற்று. பிறகு ஓர் அச்சுப்படி எடுத்து பார். இன்னொன்று, பெட்டியின் வலது கீழ்மூலையில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே எழுத்துக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம். தெரியவில்லை என்றால் எழுத்துருவேதான், சந்தேகமே இல்லை.

கோப்பை நான் இன்னும் திறக்கவில்லை. நாளைக்குக் கண்டிப்பாகத் திறக்கிறேன்.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? வாஷர் வாங்கி மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றிருந்தேன். அவசரத்தில் விட்டுப்போயிற்று. அடுத்த முறை வரும்போது முதல் வேலை அதுதான். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் தோள்வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதமாட்டாய். நானாகக் கேட்டால்தான் உண்டு. கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
மேஸ்திரி


பிப்ரவரி 13

வணக்கம்.

‘மாற்றிப் பார்’. ‘எடுத்துப் பார்’. இரண்டு இடத்திலும் ப் வேண்டும்.

எழுத்துருவை மாற்றினேன். பெயர்களில் இருந்த கொம்பெல்லாம் கழன்று, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய் நின்றது. சில இடங்களில் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளி வைத்த வட்டம் மட்டும். ஒரு பக்கம் முழுக்க யாரும் எந்த மொழியிலும் படிக்க முடியாத பெயர்கள். கம்போசரை மாற்றினேன். கொம்பு திரும்பி வந்தது, குருவி வரவில்லை. பழைய எழுத்துருவுக்கே போய்விட்டேன். சிவப்புக் கூட்டல் குறி எங்கும் இல்லை. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துவிட்டேன்.

இதற்கிடையில் தையல்காரம்மா மகளுக்கு வீட்டுப்பெயர் சேர்த்த விஷயம் மற்றக் குடும்பங்களுக்கும் தெரிந்துபோயிற்று. எங்கள் பையனுக்கும் போடுங்கள், எங்கள் அத்தைக்கும் போடுங்கள் என்று மருந்துக்கடைக்காரர் வழியாக ஒவ்வொன்றாக வருகிறது. எப்படி மறுப்பது? அந்த ஒரு பெயருக்கு மட்டும் சரி, உங்களுக்கு இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சேர்க்கிறேன். நேற்று எடுத்த அச்சுப்படியில் நான்கு பேரைக் காணவில்லை.

இன்று அந்த அம்மாவே வந்துவிட்டார். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். "எம் பொண்ணு பக்கத்தைக் காட்டுங்கம்மா" என்றார். இன்னும் அச்சுப்படி எடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படி வரவில்லை. தாள் மேசைமேலேயே கிடந்தது. காட்டினேன்.

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலைப் படத்திலிருந்து கீழே இறக்கினார். வெள்ளையில் வந்து விரல் நின்றது.

"பேரு?"

"மெஷின்ல ஏதோ கோளாறு. சரி பண்ணிடறேன்."

"தண்ணியிலதான் கிடைக்கல. தாள்லயும் காணோமாம்மா?"

உங்களுக்கு நினைவிருக்குமோ இல்லையோ, குருவியின் உடல் கிடைக்கவே இல்லை. மற்றவர்களுக்காவது ஒரு கல் இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் போய்ப் பார்க்க இந்தப் பதினேழாம் பக்கத்தைத் தவிர வேறு இடம் கிடையாது.

சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போடவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார். "யாரு மேல தப்பு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "துணி சுருங்கிப் போனாலும் எங்க கடையில தையக்காரியைத்தான் திட்டுவாங்க. நான் உங்களைத் திட்ட மாட்டேன். ஆனா அவளைக் கொண்டாந்துடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கொண்டாந்துடுங்க என்று சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து முடித்துவிட்டேன். தயவுசெய்து கோப்பைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
மாடி அறையிலிருந்து

குழாய் சொட்டுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறேன்.


பிப்ரவரி 17

புலவருக்கு,

ஒற்று போட்டுத் திருத்தி அனுப்பியதற்கு நன்றி. பள்ளிக்கூடத்தில் ஏட்டைத் திரும்ப வாங்கியதுபோல இருந்தது. நீ கேட்பது உதவி, ஆனால் தொனி என்னவோ திருத்துகிற தொனி. இத்தனை வருடமும் இப்படித்தான். நான் எதைச் சொன்னாலும் நீ சொன்ன விஷயத்தைப் பார்க்க மாட்டாய், சொல்லைப் பார்ப்பாய்.

கோப்பு இங்கே திறக்க மாட்டேன் என்கிறது. இந்த அலுவலகத்தில் இருப்பது பழைய பதிப்பு. வேறு யார் கணினியிலாவது முயன்று பார்க்கிறேன் என்று நினைத்து நினைத்தே இரண்டு நாள் ஓடிவிட்டது. தையல்காரம்மா வந்துபோனதைப் படித்தேன். அன்று பிற்பகல் விளம்பரப் பக்கத்தில் ஒரு துணிக்கடையின் தொலைபேசி எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: எழுத்தின் அளவைக் குறை. இப்போது பதினொன்றில் இருக்கிறது. எட்டுக்குக் கொண்டுவா. எல்லாரும் வந்துவிடுவார்கள். அழகாக இருக்காதுதான். ஆனால் இருப்பார்கள்.

வக்கீல் கடிதம் எனக்கும் வந்தது. மார்ச் ஐந்து, வியாழக்கிழமை, இரண்டு பேரும் ஒன்றாகப் போய் விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீ என்னை நிற்கச் சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். ஒரு வார்த்தை. அதைக்கூட நீ சொல்லவில்லை.

அன்புடன்,
மேஸ்திரி


பிப்ரவரி 19

வணக்கம்.

நீங்கள் போகிறேன் என்று சொல்லியிருந்தால்தானே நான் நில்லுங்கள் என்று சொல்வதற்கு? நான் நூலகத்திலிருந்து வந்தபோது உங்கள் நாற்காலியில் நாற்காலி உறை மட்டும் இருந்தது. இதற்கு இப்போது நேரமில்லை.

எட்டுக்குக் குறைத்தேன். எல்லாரும் வந்தார்கள். குருவியும் வந்தாள். உடனே அச்சுப்படி எடுத்துக்கொண்டு ஓடினேன். மருந்துக்கடைக்காரர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார். "மேடம், இது இருமல் மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருப்பானே, அந்தச் சீட்டு மாதிரி இருக்கு. இதுவரைக்கும் எவனாவது அதைப் படிச்சிருக்கானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையாக மாறப் பார்த்தது. அவர் சொல்வது நியாயம். வருகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். தங்கள் பிள்ளையின் பெயரைப் பார்க்கப் பூதக்கண்ணாடியுடனா வருவார்கள்? மறுபடி பதினொன்றுக்குப் போனேன். இந்த முறை ஒன்பது பேர் இல்லை.

நாளை மறுநாள் சனிக்கிழமை கோப்பு கைக்கு வராவிட்டால் மார்ச் முதல் தேதிக்குப் புத்தகம் கிடையாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். அச்சானபின் விட்டுப்போன பெயர்களை ஒவ்வொரு பிரதியிலும் கையால் எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் கையெழுத்தில் அந்த ஒன்பது பேர். மற்றவர்கள் எல்லாம் அச்சில். அந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வேண்டாம்.

வேலையை வேறு யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. முடியவில்லை என்று உங்களிடம் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தால் சரி.

ஒன்றை மட்டும் கண்டுபிடித்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். இன்று காலை குருவியின் பெட்டியில் ஒட்டுவதை விட்டுவிட்டு, எழுத்து எழுத்தாக நானே அடித்தேன். அப்பாவின் முதலெழுத்து, புள்ளி, அவள் பெயர், என்கிற, கு, ரு. அதுவரை எல்லாம் திரையில் இருந்தது. ‘வி’ அடித்தேன். மொத்தமும் போய்விட்டது. கடைசி எழுத்து மட்டுமில்லை, இனிஷியலில் இருந்து எல்லாமே. ஓர் எழுத்தை அழித்தால் மொத்தமும் திரும்பி வருகிறது. ‘குரு’ வரை இருக்கிறாள். ‘குருவி’ என்றால் இல்லை.

ஒன்பது பேரையும் இப்படியே பார்த்தேன். எல்லாருமே ‘என்கிற’ போட்டவர்கள், நீளமான பெயர்க்காரர்கள். ஆக, வரியின் அகலம் போதவில்லை. சரி. போதவில்லை என்றால் மிச்சம் அடுத்த வரிக்குப் போக வேண்டியதுதானே? கீழே காலியாக இடம் கிடக்கிறது. ஏன் இறங்க மறுக்கிறாள்?

உங்கள் கோப்பு. நீங்கள் கட்டியது. இதற்குள் என்ன வைத்தீர்கள்?

இப்படிக்கு,
மாடி அறையிலிருந்து


பிப்ரவரி 20, காலை

புலவரே,

‘வி’ அடித்ததும் மொத்தமும் போய்விட்டது என்ற வரியைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் தேள் கொட்டிவிட்டதா என்று கேட்டார்.

வைத்தது நான்தான். வைக்கச் சொன்னது நீ.

நாம் முதன்முதலில் சேர்ந்து செய்த புத்தகம் ஞாபகமிருக்கிறதா, அந்தப் பல்கலைக்கழக ஆய்வேடு? அதில் ஒரு பேராசிரியரின் இனிஷியல் ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழுந்தது. அச்சான பிறகு பார்த்தாய். அன்று முழுக்க நீ என்னோடு பேசவில்லை. சாயங்காலம், "தலை ஒரு ஊர்ல, உடம்பு ஒரு ஊர்ல. இதைப் பார்த்துட்டு உங்களுக்கு எப்படிச் சோறு இறங்குது?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நான் கட்டிய ஒவ்வொரு கோப்பிலும் ஒரு கட்டளை வைத்துவிடுவேன். முதலெழுத்தும் புள்ளியும் எங்கே கண்டாலும், அங்கிருந்து வரி முடியும்வரை ‘நோ பிரேக்’. உடைக்காதே, மடக்காதே. கட்டளைக்குப் பெயரே ‘புலவர்’ என்றுதான் வைத்திருக்கிறேன். போய்ப் பார்.

இனிஷியலையும் அடுத்த சொல்லையும் மட்டும் ஒட்டியிருந்தால் போதும். நீ எதற்கும் குறை சொல்லக் கூடாதே என்று வரி முழுவதையும் ஒட்டிவைத்தேன். பெயர் சின்னதாக இருக்கும்வரை தொந்தரவில்லை. பெட்டியின் அகலத்தைத் தாண்டியதும் மென்பொருளுக்கு வேறு வழி இல்லை: மடக்கவும் கூடாது, உள்ளே அடங்கவும் இல்லை. ஆகவே ஒன்றையும் காட்டாமல் மறைத்துவிடுகிறது.

சிவப்புக் கூட்டல் குறி ஏன் தெரியவில்லை என்றால், நான் திரையை ‘முன்னோட்டம்’ பார்வையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அதில் பக்கம் அச்சானதுபோலச் சுத்தமாகத் தெரியும். எச்சரிக்கை எதுவும் தெரியாது. எழுத்து எதிலும் கர்சர் இல்லாதபோது W விசையை ஒரு தடவை அழுத்து. அடிப்பட்டையில் பிழை சோதனையையும் நான்தான் அணைத்துவைத்தேன். சும்மா சும்மா சிவப்புப் புள்ளி எரிந்து கண்ணை உறுத்தியது. அதையும் போட்டுவிடு.

பிறகு பெயருக்கான பத்தி அமைப்பைத் திறந்து, ‘புலவர்’ என்ற கட்டளையை எடுத்துவிடு. அவ்வளவுதான். எல்லாரும் இறங்கிவருவார்கள்.

இப்போது என் கேள்வி. வியாழக்கிழமை வேண்டுமா? நிறுத்திவிடலாமா? வக்கீலிடம் நானே சொல்கிறேன். மார்ச் முதல் தேதி காலை வண்டிக்கு வந்துவிடுகிறேன். கூட்டத்தில் உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவை. புத்தகக் கட்டைத் தூக்க ஆள் வேண்டுமே. அப்படியே வீட்டுக்கு வந்து குழாயையும் பார்க்கிறேன். இந்த முறை கண்டிப்பாக.

உன்,
மேஸ்திரி


பிப்ரவரி 28

மேஸ்திரிக்கு,

அன்றே எழுதியிருக்க வேண்டும். அச்சகம், திருத்தம், அட்டை என்று நாள் போய்விட்டது. ‘சரியாகிவிட்டது’ என்று ஒரு வரி அனுப்பினேன், அது கடிதமாகாது.

W விசையை அழுத்தினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கூட்டல் குறிகள். காணாமல் போனவர்கள் எங்கும் போகவில்லை. அவரவர் படத்துக்குக் கீழே, அவரவர் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். நான் ஒட்டிய ஒவ்வொரு தடவையும் குருவி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள். எனக்கு அந்த நேரத்தில் உங்கள்மேல் வந்த கோபத்தை எழுதாமல் விடுகிறேன். எச்சரிக்கை கண்ணை உறுத்துகிறது என்று விளக்கை அணைத்தவர் நீங்கள். உடைக்கவே கூடாது என்று விதி போட்டவள் நான். இதில் உவமை எதுவும் தேட வேண்டாம், இது மென்பொருள்.

‘புலவர்’ கட்டளையை எடுத்தேன். எல்லாரும் இறங்கிவந்தார்கள். வயதானவர்களும் படிக்கட்டும் என்று எழுத்தைப் பதினெட்டுக்குப் பெரிதாக்கி, படங்களைச் சற்றுச் சிறிதாக்கிப் பெட்டிக்கு உயரம் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் மாடிக்கே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினார். முடித்துவிட்டுத் தம்பியின் பக்கத்துக்குப் போய் அதை மட்டும் இன்னொரு தடவை பார்த்தார். "இருக்கான்" என்றார்.

ஒன்றுதான் உறுத்துகிறது. இந்த அளவில் குருவியின் இயற்பெயர் மட்டுமே பெட்டியின் அகலத்தைக் கிட்டத்தட்ட முழுதாக எடுத்துக்கொள்கிறது. அதனால் அவள் அப்பாவின் முதலெழுத்து மேல்வரியில் தனியாக நிற்கிறது. அடுத்த வரியில் அவள் பெயர். அதற்கடுத்த வரியில் ‘என்கிற குருவி’. இரண்டையும் மட்டும் ஒட்டிப்பார்த்தேன், உடனே மறைந்துவிடுகிறாள். ஒட்டினால் இல்லை, பிரித்தால் இருக்கிறாள். அவளுக்கு மட்டும் எழுத்தைச் சிறிதாக்க மனமில்லாமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். தலை ஒரு ஊரில், உடம்பு ஒரு ஊரில். நாளை அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்க்கப் போகிறேனோ.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு வாரமாக வைத்துப் பார்க்கிறேன். கட்டளைக்கு என் பட்டப்பெயரை வைத்தீர்கள் என்று படித்தபோது சிரித்தேன்; தனியாக இருக்கும் அறையில் சத்தமாகச் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது. நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. சரி என்று இங்கேயே எழுதிவிடலாம். ஆனால் நேரில் சொல்வது நல்லது. நாற்காலி போட்டுவைக்கிறேன். வாருங்கள்.

புத்தகக் கட்டு வந்துவிட்டது. வண்டிக்காரர் கீழே ஹாரன் அடிக்கிறார். மிச்சத்தை வந்து எழுதி அனுப்புகிறேன்.


மார்ச் 1, மாலை

நேற்று அனுப்ப முடியவில்லை. அடித்துத் திருத்தாமல் இன்று நடந்ததையும் கீழே சேர்க்கிறேன்.

கூட்டம் பத்து மணிக்கு. பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்திருந்தேன். காலை வண்டி வந்து போகிற நேரம் தாண்டியது. பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் செய்தி அப்போதுதான் வந்தது: "வர முடியவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை. அடுத்த முறை கண்டிப்பாக வந்து பார்க்கிறேன்." பழக்கதோஷம், பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

மருந்துக்கடைக்காரர் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "இங்க யாராச்சும் வராங்களா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டேன். கட்டை நாற்காலியில் வைத்தார்.

தையல்காரம்மா புத்தகத்தை வாங்கிக்கொண்டு என்னிடம்தான் நேராக வந்தார். பதினேழாம் பக்கத்தை அவரே புரட்டினார். படத்திலிருந்து விரலைக் கீழே இறக்கினார். முதல் வரியில் விரல் நின்றது. நான் முந்திக்கொண்டேன்.

"முதலெழுத்து மட்டும் தனியா நிக்குதும்மா. சேர்த்துப் போட எவ்வளவோ பார்த்தேன். சேர்த்தா பேரே காணாமப் போயிடுது. மன்னிச்சிடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு சங்கடப்படறீங்க? அந்த ஆளு, இவ கைக்குழந்தையா இருக்கும்போது போனவன். பொண்ணு போன சேதி சொல்லி அனுப்பினேன், அதுக்கும் வரல. ரிஜிஸ்டர்ல இருக்கேன்னு கூடவே இழுத்துக்கிட்டுத் திரிஞ்சோம், அவ்வளவுதான். அவன் மேல தனியா நிக்கட்டும்மா. எம் பொண்ணு கீழ, நான் கூப்பிட்ட பேரோட நல்லாத்தான் இருக்கா."

பிறகு, "கண்ணாடி கொண்டாரல. நீங்க படிங்க" என்றார். படித்தேன். இனிஷியலிலிருந்து தொடங்கினேன். "அதை விடுங்க" என்றார். இரண்டாவது வரியிலிருந்து படித்தேன். இன்னொரு தரம் கேட்டார். படித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கடையில் வாஷர் வாங்கினேன். கடைக்காரர் எப்படி மாட்டுவது என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். முதல் தடவை தப்பாக மாட்டி, புடவையெல்லாம் நனைந்தது. இரண்டாம் தடவை நின்றுவிட்டது. வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் அங்கே இருப்பேன் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு பிரதி தபாலில் வருகிறது.